தாய்ப்பாலுக்காகப் போராடிய டாக்டரம்மா

டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையாரை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். அவர் 1893-இல் ஜமைக்கா தீவில் பிறந்தவர்.

1929-இல் கானா நாட்டுக்கு வேலைக்குப் போனார். அது அப்போது கோல்ட் கோஸ்ட். அங்கே கைகால் வீங்கி, தோல் உரிந்து, முடி செம்பட்டையாகிப் பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்தன. அவர் தாய்மார்களிடமே விசாரித்தார். தம்பியோ தங்கையோ பிறந்ததும் பால் நிறுத்தப்பட்ட பிள்ளைக்கு வருகிற நோயாம். குவாஷியோர்கர் என்று பெயராம். வெறும் சோளக்கஞ்சியில் புரதம் போதாதது காரணமாகலாம் என்று 1933-இல் எழுதினார்.

1936-இல் நம் மலாயாவுக்கு மாற்றலாகி வந்தார். இங்கே இனிப்பு டின் பால் குடித்த கைக்குழந்தைகள் மெலிந்து மடிவதைக் கண்டார். அதில் சர்க்கரைதான் நிறைய. பிள்ளைக்கு வேண்டிய சத்து குறைவு. நர்ஸ் மாதிரி உடுத்திய பெண்கள் அதை வீடு வீடாகப் பரப்பினார்கள். இது கொலைக்குச் சமம் என்று 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் துணிந்து பேசினார்.

ஜப்பான்காரன் காலத்தில் சாங்கிச் சிறையில் வாடினார். அங்கே பிறந்த 20 குழந்தைகளும் தாய்ப்பாலாலேயே பிழைத்தன. 1948-இல் உலக சுகாதார நிறுவனத்தின் தாய்சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவரானார். 1992-இல் மறைந்தார்.

தாய்மார்களே, இனிப்பு டின் பால் தேத்தண்ணிக்குத்தான், கைக்குழந்தைக்கு ஆகாது. மாணவிகளே, உங்களில் ஒருத்தி இப்படியொரு டாக்டராக வரவேண்டாமா?