கடனும் கடிதமும்: ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையாரின் வாழ்க்கை

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே இங்கிலாந்தின் கவிஞரும் கலைஞரும் அறிவியலறிஞரும் நன்கறிந்த பெயர் ஜூலியா மார்கரெட் கமரன் என்பதாகும். நிழற்படக் கலையை ஓவியத்தின் தரத்துக்கு உயர்த்திய முன்னோடி என உலகம் இன்று அவரைப் போற்றுகின்றது. ஆயினும், அவர் தம் கைப்பட எழுதிய கடிதங்கள் அவருடைய இன்னொரு முகத்தையும் நமக்குக் காட்டுகின்றன. அது கடனிலே அமிழ்ந்த ஒரு பெருமாட்டியின் முகம். அந்தக் கடனுக்கும் நமது இலங்கைத் தீவுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்பது நம்மவரிற் பலர் அறியாத செய்தி.

1815ஆம் ஆண்டு யூன் 11ஆம் நாள் கல்கத்தாவிலே ஜூலியா பிறந்தார். தந்தை யேம்ஸ் பற்றில் கிழக்கிந்தியக் கம்பெனியின் உயர் அலுவலர். தாயார் பிரெஞ்சுக் குடியிலே வந்தவர். சகோதரியர் எழுவர். மற்றவர்கள் அழகுக்குப் பெயர் பெற்றிருக்க, ஜூலியா அறிவாற்றலுக்குப் பெயர் பெற்றார். பிரான்சிலே பாட்டியாரிடம் வளர்ந்து 1834இல் கல்கத்தா திரும்பியவர், உடல்நலங் குன்றி நன்னம்பிக்கை முனைக்குச் சென்றார். அங்கே அவர் வாழ்வை உருவாக்கிய இருவரைக் கண்டார். ஒருவர் வானநூலறிஞர் சேர் யோன் ஹேர்ஷல். மற்றவர், 1838இல் அவருடைய கணவராக வந்த சாள்ஸ் ஹே கமரன்.

கமரன் என்ற பெயர் நமக்குப் புதியதன்று. 1833ஆம் ஆண்டின் கோல்புறூக் - கமரன் சீர்திருத்தங்களைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தை ஒழித்து, தீவை ஐந்து மாகாணங்களாகப் பிரித்து, நமது மட்டக்களப்பையும் கிழக்கு மாகாணத்துள் அடக்கியது அந்தச் சீர்திருத்தமே. நீதித்துறை பற்றிய அறிக்கையை எழுதியவர் இந்தக் கமரன். பின்னர் அவர் இந்தியாவிலே சட்ட ஆணைக்குழுவில் மெக்காலேயோடு பணியாற்றி, மகாதேசாதிபதியின் ஆலோசனைச் சபையிலே சட்ட உறுப்பினராகவும் அமர்ந்தார். இலங்கையின் அழகிலே மனம் பறிகொடுத்த அவர், மலைநாட்டிலே பரந்த நிலங்களை வாங்கிக் கோப்பி பயிரிடத் தலைப்பட்டார். கல்கத்தாவில் ஈட்டிய பொருளிற் பெரும்பகுதி இவ்வாறு இலங்கை மண்ணுக்குள் இறங்கியது.

1840களிற் கல்கத்தாவின் ஐரோப்பியர் சமூகத்திலே கமரன் அம்மையாருக்கு ஈடாக வேறெவருமில்லை. மகாதேசாதிபதி ஹாடிங் பிரபுவின் மனைவியார் இந்தியாவுக்கு வராமையால், அரச மாளிகை விருந்துகளை முன்னின்று நடத்தும் பெருமை அவரைச் சேர்ந்தது. அயர்லாந்திலே பஞ்சம் வந்தபோது, முன்னின்று பெருந்தொகை திரட்டி அனுப்பியவரும் அவரே. கொடுக்கும் கை அவருடையது; அந்தக் கைக்கு எண்ணிக் கொடுக்கத் தெரியாது.

1848இல் கணவர் ஓய்வு பெற, குடும்பம் இங்கிலாந்து சென்றது. பதவி போயிற்று, பதவிக் காலத்துப் பழக்கம் மட்டும் போகவில்லை. பிள்ளைகள் அறுவரோடு, ஆதரவற்ற சிறுவர் சிலரையும் அம்மையார் தம் வீட்டிலே வளர்த்தார். நண்பர்களுக்கு விலையுயர்ந்த சால்வைகளை வலிந்து வழங்குவார். கவிஞர் ஹென்றி ரெயிலரின் மனைவியார் ஒருமுறை அத்தகைய பரிசொன்றை ஏற்க மறுத்துத் திருப்பி அனுப்பினார். அம்மையாரோ நோயாளர் சாய்ந்திருக்கும் விலைமிக்க கட்டிலொன்றை வாங்கி, அந்த மனைவியாரின் பெயரைப் பொறித்து, பற்றினியிலுள்ள மருத்துவமனைக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார். இந்தக் கொடை நடந்த காலத்திலும் குடும்பத்தின் வருவாய் கோப்பித் தோட்டத்தையே நம்பியிருந்தது.

1860இல் வைட் தீவிலே, கவிஞர் தெனிசனின் வீட்டுக்கு அண்மையில், இரண்டு குடிசை வீடுகளை வாங்கி ஒன்றாக இணைத்தனர். இலங்கைத் தோட்டத்தின் நினைவாக அதற்குத் திம்புள்ள என்ற பெயரையே சூட்டினர். வீட்டின் பெயர் மட்டுமன்றி வீட்டின் அடுப்பும் திம்புள்ளவை நம்பியே எரிந்தது. கோப்பியின் விளைச்சல் நிலையற்றது. விலையோ அதனினும் நிலையற்றது. நமது படுவான்கரையிலே, பழுகாமம் போன்ற ஊர்களில், போடியாரிடம் முற்பணம் பெற்ற முல்லைக்காரன் களவெட்டியிலே கணக்குத் தீர்க்கும் வழக்கத்தை நாம் அறிவோம். மழை பொய்த்தால் கடன் அடுத்த போகத்துக்கு ஏறும். அவனாவது தன் வயலைத் தினமும் கண்ணாற் காண்பான். கமரன் குடும்பமோ ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருந்துகொண்டு, கப்பல் கொண்டுவரும் கணக்குக்காகக் காத்திருந்தது.

இந்தக் காத்திருப்பே கடிதங்களாயிற்று. குடும்ப நண்பரும் பெரும் வங்கியாளருமான ஓவர்ஸ்ரன் பிரபுவிடம் கமரன் குடும்பம் கடன் பெற்றது. கணவர் வயது முதிர்ந்து நோயுற்றிருக்க, எழுதுகோல் பெரும்பாலும் மனைவியின் கைக்கு வந்தது. அகன்று படரும் எழுத்து. சிலசொற்களின் கீழ் அழுத்தமான கோடுகள். வெள்ளமெனப் பெருகும் வாக்கியங்கள். தபால் புறப்படும் வேளைவரை எழுதுவார். புறப்பட்ட பின்னும் ஏதேனும் நினைவுக்கு வந்தால் தோட்டக்காரனைப் பின்னே ஓடவிடுவார் என்று, அவருடைய சகோதரியின் வழிவந்த எழுத்தாளர் வேர்ஜினியா வுல்வ் பிற்காலத்தில் எழுதியுள்ளார். 1865 ஓகஸ்ட் 5ஆம் நாள், தாம் பிடித்த படங்களைத் தொகுத்த ஏடொன்றை ஓவர்ஸ்ரனுக்குக் காணிக்கையாக்கினார். காசாகத் தீர்க்க இயலாத கடனுக்குக் கலையாற் செலுத்திய நன்றி அது எனலாம். அந்த ஏடு இன்று அமெரிக்காவிலுள்ள கெற்றி அரும்பொருட்சாலையிலே பேணப்படுகின்றது.

அவர் படம் பிடிக்கத் தொடங்கிய வரலாறும் சுவையானது. 1863 மார்கழியில், மகளும் மருமகனும் அவருக்கு ஒரு கமராவைப் பரிசளித்தனர். அப்போது அவருக்கு வயது 48. நிலக்கரி போடும் அறை இருட்டறையாயிற்று; கோழிக்கூடு கண்ணாடிக் கூடமாயிற்று. கண்ணாடித் தகட்டிலே இரசாயனக் கலவையைப் பூசி, அது காயுமுன் படம் பிடித்துக் கழுவும் முறை அக்காலத்தது. கையெல்லாம் கறுக்கும். தெனிசன், டார்வின், கார்லைல், ஹேர்ஷல் முதலியோர் அவர் முன் அசையாது அமர்ந்தனர். அவர்களோடு பணிப்பெண்களும் அயற்சிறுவரும் அமர்ந்தனர். உருவம் சற்று மங்கியிருப்பதைக் குறையெனப் படப்பிடிப்பாளர் சங்கத்தார் இகழ்ந்தனர். அந்த மங்கலினூடே ஆளின் உள்ளம் தெரிவதைக் கலைஞர் கண்டனர்.

கலை வளர்ந்த வேகத்தில் வருவாய் வளரவில்லை. படங்களுக்கு உரிமைப் பதிவு செய்தார். இலண்டனிலே கொல்னாகி என்ற புகழ்பெற்ற கலைக்கடை மூலம் விற்றார். பிற்காலத்தில் விக்ரோரியா அல்பேட் எனப் பெயர்பெற்ற தென் கென்சிங்ரன் அரும்பொருட்சாலை 1865இல் அவருடைய படங்களை வாங்கியது. அதன் தலைவர் ஹென்றி கோல் 1868இல் படப்பிடிப்புக்கென இரண்டு அறைகளையும் அளித்தார். கோலுக்கு எழுதிய கடிதங்களிலே கலைஞரும் கடனாளியும் ஒருங்கே பேசுகின்றனர். 1869இல், அருமையான தகடுகள் பல வெடித்துக் கெட்டுப்போன துயரைச் சொல்லும் கடிதமொன்றில், ஆண்பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்க வேண்டிய தாய்க்குப் புகழ் சோறிடாது என்ற கருத்தையும் ஒளிக்காமல் எழுதினார். செல்வர் குலப் பெண்ணொருத்தி பணத்துக்காகத் தொழில் செய்வது இழிவெனக் கருதப்பட்ட காலம் அது என்பதை நினைத்தால், இந்த வாய்மையின் துணிவு விளங்கும்.

அதே 1869ஆம் ஆண்டு, இலங்கைக் கோப்பிச் செடிகளிலே இலைத்துரு நோய் முதன்முதலாகக் காணப்பட்டது. சில ஆண்டுகள் நல்ல விலை அந்த நோயின் கொடுமையை மறைத்தது. பின்னர் மறைக்க இயலவில்லை. கணவர் தம் தோட்டங்களுக்குத் திரும்ப ஏங்கினார். மக்கள் சிலர் இங்கேயே இருந்தனர். இங்கிலாந்திலே வாழும் செலவைத் தாங்கவும் முடியவில்லை. 1875 ஐப்பசியில் இருவரும் கப்பலேறினர். தீவிலே கிடைக்குமோ கிடைக்காதோ என்று இரண்டு சவப்பெட்டிகளைக் கொண்டுசென்றனர். அவற்றினுள்ளே பீங்கானும் கண்ணாடிப் பொருள்களும் நிறைந்திருந்தன என்பர். சுமையாட்களுக்குக் கூலியாகக் காசுக்குப் பதில் நிழற்படங்களைக் கொடுத்தார் என்ற கதையும் உண்டு.

இலங்கையிலே களுத்துறையிலும் மலைநாட்டிலும் வாழ்ந்தார். ஓவியர் மாரியான் நோத் 1877இல் களுத்துறைக்கு வந்து அவருடைய விருந்தினராகத் தங்கினார். இங்கே அவர் பிடித்த படங்களிற் சிலவே எஞ்சியுள்ளன. ஊர்மக்களும் தமிழ்த் தொழிலாளரும் அவற்றிலே நிற்கின்றனர். தெனிசனுக்கும் டார்வினுக்கும் பெயரெழுதிய கை, இவர்களைப் பெரும்பாலும் பெயரின்றியே விட்டது. ஒரு படத்தின் தலைப்பு களுத்துறைக் குடியானவர் கூட்டம் என்பதோடு நின்றுவிட்டது. 1879 தை 26ஆம் நாள், டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கேர்ண் தோட்டத்திலே அம்மையார் காலமானார். மறு ஆண்டு கணவரும் மறைந்தார். இருவரும் பொகவந்தலாவைப் புனித மரியாள் தேவாலய வளவிலே துயில்கின்றனர்.

மலைநாட்டிலே கடன்பட்டவர் துரைமார் மட்டுமல்லர். தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்த தொழிலாளிக்கு வழிச்செலவே முதற்கடன். பிற்காலத்தில் அந்தக் கடன் துண்டு என்னும் சிறு சீட்டிலே எழுதப்பட்டது. அத்தொகையைச் செலுத்தும் துரையிடம் ஆளை விடுவிக்கச் சம்மதம் என்பதே அதன் பொருள். கடன் கைமாற ஆளும் கைமாறுவான். இம்முறை 1921இலேதான் சட்டத்தால் நீக்கப்பட்டது. பெருமாட்டியின் கடன் நட்பையும் தவணையையும் கொணர்ந்தது. தொழிலாளியின் கடன் அவனையே பிணையாக்கியது.

இதனால் அம்மையாரின் துயர் பொய்யாகிவிடாது. முதுமையின் வாயிலிலே புதுக்கலை கற்று, கறுத்த விரல்களால் குடும்பத்தைத் தாங்க முயன்ற பெண்மணி அவர். அவருடைய கடிதங்கள் அரும்பொருட்சாலைகளிலே காக்கப்படுவது தகும். அவற்றைப் படிக்கும் நாம், அதே கோப்பியை நம்பி, அதே மலையிலே கடன்பட்டு, கடிதமெழுத இயலாதிருந்தோரையும் அவரோடு சேர்த்து நினைத்தல் கடமையாகும். களுத்துறையிலும் மலைநாட்டிலும் அவர் பிடித்த படங்களிலே, பெயரின்றி நின்று நம்மை நேரே நோக்குவோர், அவர்களைப் போன்றவர்களே.