ஒரே இன்ஜின், 2 கார்கள்: ஊட்டி மலையேற எது பெஸ்ட்? ஜாகுவாரை உருவாக்கிய வில்லியம் லயன்ஸின் கதை!

மேட்டுப்பாளையம் - குன்னூர் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். கல்லட்டி வழியாகப் போனால் 36. இந்த மலைப்பாதைக்கு ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் சரியா, இல்லை சொகுசு செடான் சரியா? பதில் தெரிய வேண்டுமென்றால், இரண்டையும் ஒரே இன்ஜினில் ஓடவிட்ட வில்லியம் லயன்ஸைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

யார் இந்த லயன்ஸ்?

1901-ல் இங்கிலாந்தின் பிளாக்பூலில் பிறந்தவர். அப்பா இசைக்கருவிக் கடைக்காரர். 1922-ல், 21 வயதில், நண்பர் வால்ம்ஸ்லியுடன் சேர்ந்து பைக்குக்கான சைடு கார் செய்யத் தொடங்கினார். வங்கிக் கடனுக்கு ஜாமீன் நின்றது இருவரின் அப்பாக்கள்தான். சைடு காரிலிருந்து காருக்கு மாறிய பிறகு, 1935-ல் ஜாகுவார் என்ற பெயர் வந்தது. நிறுவனத்தின் பழைய பெயரான எஸ்.எஸ்., ஹிட்லரின் படையை நினைவூட்டியதால் 1945-ல் கைவிடப்பட்டது.

ஒரே இதயம், இரண்டு உடல்

போர்க்காலத்தில், குண்டுவீச்சில் தீப்பிடித்தால் அணைப்பதற்காகத் தொழிற்சாலையில் இரவுக் காவல் இருந்த நேரத்திலேயே லயன்ஸும் அவரது இன்ஜினியர்களும் புது இன்ஜினுக்குத் திட்டம் போட்டார்கள். 6 சிலிண்டர், 3.4 லிட்டர், 160 குதிரைத்திறன். உண்மையில் அது பெரிய செடானுக்காக யோசித்தது. செடான் தயாராகத் தாமதமானதால், இன்ஜினை விளம்பரப்படுத்த 1948 லண்டன் கண்காட்சியில் எக்ஸ்.கே. 120 ஸ்போர்ட்ஸ் காரை நிறுத்தினார். கொஞ்சம் கார்கள் மட்டும் செய்வதுதான் திட்டம். விற்றதோ 12 ஆயிரத்துக்கும் மேல்! 1950-ல் அதே இன்ஜினுடன் மார்க் 7 செடான் வந்தது.

மலையில் எது ஜெயிக்கும்?

எக்ஸ்.கே. 120 சுமார் 1,300 கிலோ. மார்க் 7 சுமார் 1,750 கிலோ. சக்தி ஒன்றுதான், எடை குறைவு என்பதால் ஏற்றத்தில் ஸ்போர்ட்ஸ் கார் முந்தும். ஆனால் அதில் 2 பேர்தான் உட்காரலாம். மார்க் 7-ல் ஒரு குடும்பமே பெட்டி படுக்கையோடு போகலாம்.

இறக்கம் வேறு கதை. இரண்டிலும் பழைய டிரம் பிரேக். மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறி பிடிமானம் குறையும். கீழ் கியரில்தான் இறங்கணும். பந்தயத்தில் சோதித்த டிஸ்க் பிரேக்கை ஜாகுவார் 1957-ல் ஸ்போர்ட்ஸ் காருக்கும், 1958-ல் பெரிய செடானுக்கும் கொண்டுவந்தது.

மகனைப் பறித்த பயணம்

1955 ஜூனில் லே மான் பந்தயத்துக்குக் காரில் போன அவரது ஒரே மகன் ஜான், பிரான்ஸ் சாலை விபத்தில் இறந்தார். அதே பந்தயத்தில் நடந்த விபத்தில் 80-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். ஜெயித்தது ஜாகுவார். ஆனால் நிறுவனத்தை ஒப்படைக்க லயன்ஸுக்கு வாரிசு இல்லை. 1966-ல் அதை பி.எம்.சி. நிறுவனத்துடன் இணைத்தார்.

அதற்கு முன் 1961-ல் இ-டைப் ஸ்போர்ட்ஸ் காரும், பின் 1968-ல் எக்ஸ்.ஜே. 6 செடானும் வந்தன. அவற்றிலும் ஓடியது அதே எக்ஸ்.கே. இன்ஜின் குடும்பம்தான். 1972-ல் ஓய்வுபெற்ற லயன்ஸ், 1985-ல் காலமானார். 2008-ல் ஜாகுவாரை வாங்கியது நம்ம டாடா.

அப்போ ஊட்டிக்கு? தனியாக மலையேறி ரசிக்க எக்ஸ்.கே. 120. குடும்பத்தோடு போக மார்க் 7. எதில் போனாலும், இறங்கும்போது கியரை நம்புங்க, பிரேக்கை மட்டும் நம்பாதீங்க.