ஏட்டினின்று எழுத்தும் எண்ணும் பிரித்த பிள்ளையவர்கள்

யாழ்ப்பாணத்து வலிகாமம் கிழக்கிலே, கோப்பாய்க்கும் புத்தூருக்கும் அணித்தாயுள்ள சிற்றூர் சிறுப்பிட்டி. அவ்வூரிலே 1832ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 12ஆந் திகதி வைரவநாதபிள்ளைக்கும் பெருந்தேவியாருக்கும் புதல்வராய்த் தோன்றியவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. கிறித்தவக் குடும்பத்திற் பிறந்து பின்னாளிற் சைவரானவர். சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடம் தமிழும், வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலமும் கணிதமும் பிற கலைகளும் கற்றார். கோப்பாயில் ஆசிரியராயிருந்தபோதே 1853இல் நீதிநெறி விளக்கத்தை உரையுடன் பதிப்பித்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. இக்காலத்து மாணவர் இதனைச் சற்றே எண்ணிப் பார்ப்பாராக.

பேர்சிவல் பாதிரியாரின் அழைப்பினாற் சென்னை சென்று தினவர்த்தமானிப் பத்திரிகையை நடத்தினார். சென்னைப் பல்கலைக்கழகம் 1858இல் முதன்முறையாக நடத்திய பி.ஏ. பரீட்சையில் தேறியவர் இருவர், இருவரும் யாழ்ப்பாணத்தவர். ஒருவர் கறல் விசுவநாதபிள்ளை, மற்றையவர் நம் பிள்ளையவர்கள். பின்னர் அரசாங்கக் கணக்குச் சாலையில் அமர்ந்து, உயர்ந்த பதவி வகித்து, 1882இல் ஓய்வு பெற்றார். இடையே 1871இல் பி.எல். பட்டமும் பெற்றமையாற் கும்பகோணத்தில் வழக்கறிஞராய் விளங்கினார். 1887 முதல் 1890 வரை புதுக்கோட்டையில் நீதிபதியாயிருந்தார். இவையெல்லாம் அவருக்குச் சோறிட்ட தொழில்கள். அவர் உயிர் இருந்த இடமோ வேறு. அது செல்லரித்த பனையோலை.

பழைய ஏடொன்றை ஒருமுறையேனும் கையிலெடுத்துப் பாராதார்க்கு அத்தொழிலின் அருமை எளிதிற் புலப்படாது. ஏட்டிலே சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளியில்லை. அடிக்கும் அடிக்கும் பிரிவில்லை. மூலம், உரை, உதாரணம் யாவும் ஒரே சரமாக ஓடும். மெய்க்குப் புள்ளியிடும் வழக்கமில்லாமையாற் கல்வியும் கலவியும் அங்கே ஒன்றுபோலவே நிற்கும். அகப்பொருள் நூலில் இஃது எத்துணை இடர் விளைக்குமென்று சொல்லவும் வேண்டுமோ! குற்றெழுத்து நெட்டெழுத்து வேறுபாடின்மையால் எரியும் ஏரியும் ஒன்றாய் நிற்கும். ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவின.

எண்களின் நிலை இன்னும் கடியது. தமிழிலே 1க்குக் ககரமும், 2க்கு உகரமும், 8க்கு அகரமும், 10க்கு யகரமும் போன்ற வடிவங்களே குறிகள். பாட்டு முடியுமிடத்தில் ‘யஉ’ என நிற்பின், அது 12 என்னும் தொகையோ, அடுத்த சொல்லின் தலையோ? முன்னைப் பாட்டின் ஈற்றில் ‘யக’ இருந்ததா என்று பார்த்தல் வேண்டும். இருப்பின் இஃது எண்ணென்று துணியலாம். இடையிலே ஓரேடு ஒடிந்துபோயிருப்பின் அத்துணிபும் போயிற்று.

இவற்றைப் பிரிக்கும் கருவி யாது? யாப்பும் உரைமரபுமே. வெண்பாவில் மாச்சீர்முன் நிரை வரும். விளத்தின்முன்னும் காயின்முன்னும் நேர் வரும். ஆகவே முன்னின்ற சீர் மாவாயின் பின்னது கலவி. விளமோ காயோ ஆயிற் கல்வி. உரையிலோ, ‘இதன் பொருள்’ என்பது தொடக்கத்திலும் ‘என்றவாறு’ என்பது முடிவிலும் காவல் நிற்கும். இடைப்பட்டது சூத்திரத்தின் பொருள். கலித்தொகைப் பாட்டுக்களில் வரும் தனிச்சொல்லைக் கண்டவுடன், இனிச் சுரிதகம் தொடங்குமென்று அறியலாம்.

இன்றைய கணினியாளர் ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’ என வழங்குவது இம்முறைக்கு நெருங்கிய உறவினதே. இன்னது தொடங்கி இன்னது முடியுமளவும், இத்தனை இலக்கம், இன்ன வரிசை என்று வடிவத்தை ஒரு வாய்பாடாக எழுதிக் கொடுத்தால், நீண்ட எழுத்துச் சரத்தினின்று வேண்டிய சொல்லையும் எண்ணையும் பொறி பொறுக்கித் தரும். அமெரிக்கக் கணித அறிஞர் கிளீனி 1956இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மூலம். இற்றைநாளில் ‘யூனிகோடு’ முறையிலே ககர எழுத்துக்கு ஒரு குறியெண்ணும் தமிழ் இலக்கம் ஒன்றுக்கு வேறு குறியெண்ணும் உள. பிள்ளையவர்களுக்கு அவ்வசதி இல்லை. தொட்டால் ஒடியும் ஓலையும், முதுமையடைந்த கண்ணுமே துணை.

இவ்வாறு அவர் வெளியிட்டவை பல. வீரசோழியம் 1881இல் வந்தது. இறையனார் அகப்பொருளும் தணிகைப்புராணமும் 1883இல் வந்தன. தொல்காப்பியப் பொருளதிகாரத்தை உரையுடன் 1885இல் அச்சேற்றினார். கலித்தொகையை 1887இலும், இலக்கண விளக்கம், சூளாமணி என்பவற்றை 1889இலும் தந்தார். எட்டுத்தொகையுள் முதலில் அச்சேறியது அவர் தந்த கலித்தொகையே. இவற்றுக்கிடையே பிறந்த நாட்டையும் மறந்தாரல்லர். ஏழாலையிலே சைவப் பாடசாலையொன்று நிறுவினார்.

பொருளதிகாரம் பற்றி ஒன்று சொல்லாது விடலாகாது. ஒன்பதியல்களின் உரை முழுவதையும் நச்சினார்க்கினியருடையதென்றே அவர் பதிப்பித்தார். பிற்காலத்தில் இரா. இராகவையங்கார் ஆராய்ந்து, பின் நான்கியல்களின் உரை பேராசிரியருடையதென நிறுவினார். கலித்தொகையையும் பிள்ளையவர்கள் நல்லந்துவனார் பெயரிலேயே வெளியிட்டார். அதனைப் புலவர் ஐவர் பாடல்களின் தொகுதியெனக் கொள்வாரும் உளர். இதனை எடுத்துக்காட்டி அவரைக் குறை கூறுவார் சிலர். யான் அதற்கு உடன்படேன். ‘இதன் பொருள்’ என்னும் தொடக்கமும் ‘என்றவாறு’ என்னும் முடிவும் இரண்டு உரையாசிரியர்க்கும் பொதுவானவை. உரை எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்பதை அக்குறிகள் காட்டும். அதனை எழுதிய கை யாருடையதென்பதைக் காட்டா. அதற்கு நூல் முழுவதும் பலர் கையிற் பரவி, பலமுறை பயிலப்படல் வேண்டும். இராகவையங்கார் ஒப்புநோக்கி ஆராய்வதற்கு நூலை அச்சிலே கிடைக்கச் செய்தவர் பிள்ளையவர்களே.

அரசாங்கம் 1895இல் ராவ் பகதூர் என்னும் பட்டம் அளித்தது. அதன்பின்னும் அவர் ஏடு தேடுதலை விட்டாரல்லர். 1901ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி, புதிய நூற்றாண்டின் முதல் நாளிலே, சென்னையில் அவர் உயிர் பிரிந்தது.