துறைமுகம் அமைத்த ஸ்பிரிங்

மயிலையைப் பண்டை யவன ஆசிரியர் தாலமி ஒரு துறையாகக் குறித்துள்ளார் என்பர். ஆயினும் மயிலை முதல் வடக்கே நீளும் சென்னைக் கரையில் கலங்கள் ஒதுங்கி நிற்பதற்கு ஏற்ற குடா ஒன்றும் இல்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் சரக்கையும் மக்களையும் சுமந்து, சீறும் அலைகளைக் கடந்து கரை சேரும். படகு கவிழ்ந்து உயிரும் பொருளும் அழிந்தமை பலகால்.

1861-இல் இரும்புத் தூண்களின்மீது கடலுள் நீண்ட மேடை ஒன்று அமைந்தது. 1876-இல் தொடங்கிய அலைதடுப்புச் சுவர்களை 1881-ஆம் ஆண்டுப் புயல் சிதைத்தது. மீண்டும் கட்டியும் இடர் தீரவில்லை. வாயில் கிழக்கு நோக்கியிருந்தமையால் புயலலை நேரே உட்புகுந்தது. தெற்கிலிருந்து நகரும் மணலோ வாயிலைத் தூர்த்தது.

இந்நிலையில், 1904-இல் துறைமுகத் தலைமையை ஏற்றவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். 1849-இல் அயர்லாந்தில் பிறந்த அவர், 1870-இல் பொறியியற் பணியில் சேர்ந்து இந்தியா வந்தார். கோதாவரிப் பாலப் பணியில் ஈடுபட்டவர். ஆற்றின் போக்கை அணைகரைகளால் நெறிப்படுத்தும் முறைபற்றி 1903-இல் நூலும் எழுதினார். நீரோடு பழகிய அவ்வறிவே சென்னைக்குப் பயன்பட்டது.

அவர் கிழக்கு வாயிலை அடைத்து, வடகிழக்கில் புதுவாயில் திறந்தார். அதனைக் காக்க நீண்ட சுவரொன்றையும் எழுப்பினார். கப்பல்கள் கரையை ஒட்டியே நிற்கத்தக்க மேடைகளும், சரக்குக் கொட்டகைகளும், புகைவண்டிப் பாதைகளும் அவர்தம் திட்டத்தின்படி 1920-க்குள் அமைந்தன. கப்பலிலிருந்து இறங்கிய சரக்கு படகேறாமல் வண்டியேறியது. தோலும் பருத்தியும் நிலக்கடலையும் உள்நாட்டு ஊர்களிலிருந்து நேரே கடல் கடந்து செல்ல வழி பிறந்தது. படகோட்டிகளின் தொழில் மட்டும் நலிந்தது.

1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பல் சென்னையின்மீது குண்டு வீச, துறைமுகத்தருகே எண்ணெய்க் கொள்கலங்கள் எரிந்தன. எனினும் துறைமுகப் பணி நின்றுவிடவில்லை. சென்னையில் முதல் எண் பெற்ற மோட்டார் வண்டி ஸ்பிரிங்குடையது என்றும் கூறுவர்.

மணல் ஒன்றே அவருக்கு அடங்காதது. அதன் பெயர்ச்சியை அவர் அளந்து ஆராய்ந்தார். ஆயினும் சுவருக்குத் தெற்கே மணல் குவிந்து, திருவல்லிக்கேணிக்கு எதிரே மெரினாக் கரை அகன்றது. வடக்கே இராயபுரக் கரையைக் கடல் அரித்தது. ஸ்பிரிங் 1919-இல் பணியினின்று நீங்கி, 1933-இல் மறைந்தார். அரிப்பைத் தடுக்க இராயபுரத்தில் இன்றும் பாறைகள் கொட்டப்பட்டுக் கிடக்கின்றன.