மனச்சாட்சிக்குப் பணிந்த பிரபு



சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று நிற்கும் ரிப்பன் மாளிகையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயருக்குரிய ஆங்கிலப் பிரபு நம் திருமறையைத் தழுவியவர் என்பதை அறிவீர்களா?

ஜார்ஜ் ராபின்சன் 1827-ம் வருஷம் அக்டோபர் 24-ந் தேதி லண்டன் டவுனிங் தெரு 10-ம் எண் வீட்டில் பிறந்தார். அப்போது அவர் தகப்பனாரே இங்கிலாந்தின் பிரதம மந்திரி. 1859-ல் தகப்பனார் காலமானதும் ரிப்பன் பிரபு என்ற பட்டமும் பிரபுக்கள் சபை ஆசனமும் அவருக்கு வந்தன. யுத்த மந்திரியாக இருந்தார். 1870-ல் ஆங்கிலேய பிரீமேசன்களின் பெருந்தலைவருமானார்.

இவ்வளவும் இருந்தும் அவர் மனம் சத்தியத்தைத் தேடியது. பிரீமேசன் பதவியைத் துறந்து, 1874 செப்டம்பர் 7-ந் தேதி லண்டன் பிராம்ப்டன் ஆரட்டரியில் கத்தோலிக்க திருச்சபையில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 46. பத்திரிகைகள் தூற்றின. அவருடைய அரசியல் வாழ்வு தொலைந்தது என்றே பலர் எண்ணினர். அவரோ பின்வாங்கவில்லை.

சர்வேசுரனுடைய ஏற்பாடு வேறாயிருந்தது. அதே வருஷம் நம் திருச்சபையைக் கண்டித்து எழுதிய கிளாட்ஸ்டனே, 1880-ல் அவரை இந்தியாவின் வைசிராயாக அனுப்பினார். இங்கிலாந்தில் பலத்த எதிர்ப்பு எழுந்தது. ஆனால் இங்கே அவர் செய்ததைப் பாருங்கள். 1881-ல் வந்த தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளை ஆலை வேலைக்கு வைக்கக் கூடாதென்றது. 1882-ல் சுதேச பாஷைப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டம் நீங்கிற்று. அவ்வருஷமே நகரசபைகளும் ஜில்லா போர்டுகளும் ஜனங்களின் கைக்கு வர வழி செய்தார்.

1883-ல் இந்திய நீதிபதிகளும் வெள்ளையரை விசாரிக்கலாம் என்ற இல்பர்ட் மசோதா வந்தபோது, வெள்ளையர் அவரைப் பகிரங்கமாக அவமதித்தனர். மறு வருஷம் மசோதாவைப் பெரிதும் தளர்த்தியே நிறைவேற்ற வேண்டியதாயிற்று. அது அவருக்குத் தோல்விதான். ஆனால் 1884 டிசம்பரில் அவர் விடைபெற்றபோது, கல்கத்தா முதல் பம்பாய் வரை ஜனங்கள் திரண்டு வந்து வாழ்த்தினார்கள்.

முதிர்ந்த வயதில் இன்னொரு சோதனை. 1908 செப்டம்பரில் லண்டனில் நடந்த நற்கருணை மாநாட்டின்போது, திவ்விய நற்கருணையைப் பவனியாகத் தெருவில் எடுத்துச் செல்லக் கூடாதென்றது அரசாங்கம். அதில் மந்திரியாக இருந்த ரிப்பனே அதை அதிமேற்றிராணியாருக்குத் தெரிவிக்க வேண்டியதாயிற்று. மறு மாதமே அவர் மந்திரி பதவியை விட்டு விலகினார். 1909 ஜூலை 9-ந் தேதி தமது 81-ம் வயதில் காலமானார்.

பெற்றோர்களே, பிறப்பால் வந்த பட்டத்தை அவர் மகனுக்கு விட்டுச் சென்றார். 1923-ல் மகனும் வாரிசின்றி இறக்கவே, அந்தப் பட்டமும் மறைந்தது. மனச்சாட்சிக்குப் பணிந்து அவர் செய்த நன்மையோ மறையவில்லை. உங்கள் பிள்ளைகளுக்கு எதைச் சொத்தாக வைக்கப் போகிறீர்கள் என்று சற்றே யோசியுங்கள்.