டிராக்டரோடு கலப்பையை ஒன்றாக்கிய ஹாரி ஃபெர்குசன்

உங்கள் டிராக்டரின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். கீழே இரண்டு கைகள், மேலே நடுவில் ஒரு டாப் லிங்க். இன்று எந்தக் கம்பெனி டிராக்டர் வாங்கினாலும் இந்த மூன்று புள்ளி இணைப்பு இருக்கிறது. இதை நமக்குக் கொடுத்தவர் ஹாரி ஃபெர்குசன். மாசி ஃபெர்குசன் என்ற பெயரில் பாதி இவருடையதுதான்.

அயர்லாந்தின் வடக்கே, டிரோமோர் ஊருக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் 1884-ல் பிறந்தார். பண்ணை வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. பெல்ஃபாஸ்ட் நகரில் அண்ணன் நடத்திய ஒர்க் ஷாப்பில் சேர்ந்து மெக்கானிக் ஆனார். 1909 டிசம்பர் 31 அன்று, தானே செய்த விமானத்தில் சுமார் 130 கஜம் பறந்தார். அயர்லாந்தில் முதலில் விமானம் ஓட்டியவர் அவர்தான்.

அவரைத் திரும்பவும் வயலுக்கு இழுத்து வந்தது முதல் உலகப்போர். உணவுத் தட்டுப்பாடு வந்ததால், டிராக்டர்களைச் சரியாக வேலை செய்ய வைக்கும் பொறுப்பை 1917-ல் அரசு அவரிடம் கொடுத்தது. அன்றைய டிராக்டர், குதிரை இழுப்பதைப் போலக் கலப்பையைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகும். கொழு பாறையிலோ வேரிலோ மாட்டினால் பின்சக்கரம் நின்றுவிடும். முன்பக்கம் மேலே எழும்பி, ஓட்டுபவர் மீதே வண்டி கவிழும். இப்படிப் பல உயிர்கள் போயின. கனமான டிராக்டர் செய்தால் கவிழ்வது குறையும். ஆனால் மண் இறுகிவிடும், விலையும் ஏறும்.

ஃபெர்குசன் எடையைக் கூட்டவில்லை, இணைப்பை மாற்றினார். வில்லியம் சாண்ட்ஸ் என்ற மெக்கானிக்கோடு பல வருடம் உழைத்தார். கீழ்க் கைகள் கலப்பையை இழுக்கும். டாப் லிங்க் டிராக்டரை முன்னோக்கித் தள்ளும். அதனால் முன்சக்கரம் எழும்பாது. கலப்பையின் பாரம் பின்சக்கரத்தில் இறங்குவதால் லேசான வண்டிக்கும் நல்ல பிடிப்பு கிடைக்கும். மண் கடினமானால் டாப் லிங்கில் அழுத்தம் கூடும். அதை உணர்ந்து ஹைட்ராலிக் கலப்பையைச் சற்றே தூக்கிவிடும். டிராஃப்ட் கண்ட்ரோல் என்று நாம் சொல்வது இதைத்தான்.

இந்த டிராக்டர் 1936-ல் விற்பனைக்கு வந்தது. அதோடு ஒரு ஸ்பேனரும் கொடுத்தார். டிராக்டர், கலப்பை இரண்டிலும் வயலில் திருக வேண்டிய நட்டுகளுக்கு அதுவே போதும். பிடியில் அங்குலக் கோடுகள் போட்டிருக்கும். சால் அகலத்தையும் சக்கர இடைவெளியையும் அதை வைத்தே அளந்துகொள்ளலாம். ஃபெர்குசன் பெயர் பொறித்த அந்த ஸ்பேனரைப் பழம்பொருள் சேர்ப்பவர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள்.

ஆள் பிடிவாதக்காரர். கூட்டாளி டேவிட் பிரவுனோடு ஒத்துப்போகவில்லை. 1938-ல் அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டுடன் வெறும் கைகுலுக்கலில் ஒப்பந்தம் போட்டார், எழுத்தில் எதுவும் இல்லை. ஃபோர்டின் பேரன் பொறுப்புக்கு வந்ததும் அது முறிந்தது. வழக்குப் போட்டு, 1952-ல் 92.5 லட்சம் டாலர் வாங்கினார். இடையில், 1946-லேயே இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் அவருடைய சிறிய சாம்பல் நிற டிராக்டர் தயாராகத் தொடங்கியது. பத்தே வருடத்தில் 5 லட்சத்துக்கு மேல் வெளிவந்தது. 1953-ல் மாசி ஹாரிஸ் கம்பெனியோடு தன் கம்பெனியை இணைத்தார். 1960-ல் இறந்தார். அந்தப் பத்தாண்டுகளிலேயே சென்னையில் டாஃபே நிறுவனம் மாசி ஃபெர்குசன் டிராக்டர்களைச் செய்ய ஆரம்பித்தது.

ஒரு விஷயம். மரத்தையோ சேற்றில் சிக்கிய வண்டியையோ இழுக்க, டாப் லிங்க் மாட்டும் இடத்தில் சங்கிலி கட்டுபவர்கள் நம்மிடம் இன்னும் இருக்கிறார்கள். ஃபெர்குசன் தடுக்கப் பாடுபட்ட அதே விபத்து அப்போதுதான் நடக்கும். பின் அச்சுக்குக் கீழே உள்ள கொக்கியில் மட்டும் கட்டி இழுங்கள்.