குறி தவறிய கம்பி

இனிக் குடிப்பதில்லை என்று காலையில் சத்தியம் செய்தவர் மாலையில் கடை வாசலில் நிற்கிறார். மனத்திடம் இல்லாதவர் என்று ஊர் ஏசுகிறது. இந்தப் பேச்சு முழு உண்மையல்ல என்று உலகம் உணர வழி செய்தவர்களில் ஒருவர் அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் ஓல்ட்ஸ்.

இவர் 1922ஆம் ஆண்டு மே மாதம் 30ந் தேதி சிகாகோ நகரில் பிறந்தார். தந்தை லீலண்ட் ஓல்ட்ஸ், மத்திய மின்சக்தி கமிஷனின் தலைவராக இருந்தவர். இரண்டாவது உலக யுத்தத்தின்போது மகன் ராணுவத்தில் பணியாற்றினார். யுத்தம் முடிந்து, 1947ல் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1952ல் ஹார்வர்டு பல்கலைக் கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது.

மனோதத்துவம் படித்த அவருக்கு மூளை ஆராய்ச்சி புதிது. அதைக் கற்பதற்காகவே 1953ல் கனடா நாட்டின் மாண்ட்ரீல் நகருக்குச் சென்றார். அங்கே மக்கில் பல்கலைக் கழகத்தில் பேராசிரியர் டொனால்ட் ஹெப்பின் கீழ் சேர்ந்தார். எலியின் மூளையில் மெல்லிய கம்பியைப் பொருத்தும் முறையைப் பீட்டர் மில்னர் கற்றுக் கொடுத்தார்.

விழிப்பு நிலையோடு தொடர்புடைய பகுதியில் கம்பியைப் பொருத்துவதே நோக்கம். ஆனால் ஓர் எலிக்குக் கம்பி இடம் மாறிவிட்டது. மேஜையின் எந்த மூலையில் அதற்கு இலேசான மின்சாரம் கொடுத்தார்களோ, அந்த மூலைக்கே அது திரும்பத் திரும்ப வந்து நின்றது. ஓல்ட்ஸ் இதை அலட்சியம் செய்யவில்லை.

அடுத்தபடியாக, எலியே அழுத்தி மின்சாரம் பெறும்படி ஒரு நெம்புகோல் வைக்கப்பட்டது. சில எலிகள் ஒரு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான தடவை அழுத்தின. பசித்த எலியும் உணவைப் புறக்கணித்தது. 1954ல் ஓல்ட்ஸும் மில்னரும் இம்முடிவுகளை வெளியிட்டனர். இன்பத்தைத் தேடித் தேடி நாடச் செய்யும் தனிப் பகுதிகள் மூளையில் உண்டு என்பது தெரிய வந்தது.

பின்னர் மிச்சிகன் பல்கலைக் கழகத்திலும், 1969 முதல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்திலும் ஓல்ட்ஸ் பணிபுரிந்தார். மனைவி மேரியானும் ஆராய்ச்சியில் துணை நின்றார். 1967ல் அமெரிக்காவின் தேசிய விஞ்ஞானக் கழகம் அவரை உறுப்பினராக்கியது. 1976ஆம் ஆண்டு ஆகஸ்ட் 21ந் தேதி கடலில் நீந்தச் சென்றவர் விபத்தில் மாண்டார். அப்போது வயது 54.

அவர் தொடங்கிய பாதையில் பலர் நடந்தனர். மது, புகையிலை, அபின், கோகெய்ன் ஆகிய யாவும் எலியின் மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தைப் பெருகச் செய்கின்றன என்று 1988ல் இத்தாலிய விஞ்ஞானிகள் காட்டினர். டோபமின் இன்பத்தைவிட வேட்கையையே தூண்டுகிறது என்று பிற்கால ஆராய்ச்சி கூறுகிறது. குடியில் சுகமே இல்லை என்று புலம்புகிறவரும் மீண்டும் குடிப்பதன் காரணம் இதனால் ஓரளவு விளங்குகிறது. பெங்களூர் நிமான்ஸ் நிலையத்திலும் ஓல்ட்ஸ் முறையில் எலிகளைக் கொண்டு ஆராய்ச்சிகள் நடந்துள்ளன.

மின்சாரத்தை நிறுத்தியதும் ஓல்ட்ஸின் எலி சில தடவை அழுத்திப் பார்த்துவிட்டுத் தூங்கிவிட்டது. மனிதன் நிலை அப்படியல்ல. குடியை நிறுத்திப் பல மாதங்கள் ஆன பிறகும், சம்பள நாளின் மாலைப்பொழுதும் பழைய நண்பரின் குரலும் வேட்கையைக் கிளப்பிவிடும். அந்த நேரத்தில் அவருக்கு வேண்டியது ஏச்சு அல்ல. வைத்தியமும், உடன் நிற்க ஓர் ஆளும்.